ஏழாம் ஸ்லாட்டில் சிவப்புத் தொப்பி

சிவப்புத் தொப்பி நேற்று நின்ற இடத்தில் இல்லை.

பெரிய விலகல் ஒன்றும் இல்லை. ஒரு செங்கல் தூரம்; திரையில் அது சுண்டுவிரல் நகத்தளவு. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஜெபசுந்தர் எட்டு மாதமாகத் தினமும் மாலை ஆறரைக்கு உட்கார்ந்து அந்த ஒரே படத்தை அரைமணி நேரம் பார்க்கிறவன். மூன்று வருடப் பட்டப்படிப்பில் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்துக்கும் அவன் இந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

வெளியே நவம்பர் மழை விட்டிருந்தது. மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரே இடைவெளியில் சொட்டியது. பின்தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை, மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளரின் மேல்பரப்பு நடுங்குவதைப் பார்த்துத்தான் தறி ஓடுகிறது என்று தெரியும். தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசம் ஜன்னல் வழியாக வந்து, அடுக்களையில் அம்மா சுண்டவைக்கும் குழம்பின் வாசத்தோடு கலந்து, அறைக்குள் வெளியேற வழி தெரியாமல் நின்றது. எல்லாம் நேற்றுப் போலவே. சிவப்புத் தொப்பி மட்டும் ஒரு செங்கல் இடப்பக்கம்.

சிவப்பு, தங்கை பிளஸ்ஸியின் ஆள். நீலம் இவனுடையது. சின்ன வயதில் கடையநல்லூரில் துபாய் சாமான் விற்கும் கடையில் அப்பா வாங்கிக் கொடுத்த டிவி கேம் கேசட்டில் இருந்த ஆட்டம் அது. இரண்டு தொப்பிக்காரர்கள் ஒரு குகைக்குள் போவார்கள். கடைசிக் கதவின் முன்னால் இருவரும் சேர்ந்து நின்றால்தான் அது திறக்கும். கேசட் மண்டையைப் போட்ட பிறகு, பழைய டிவி கேம்களை லேப்டாப்பில் ஓட்டும் எமுலேட்டர் என்ற மென்பொருளை நண்பன் சங்கரபாண்டி ஏற்றிக் கொடுத்தான்.

அண்ணனுக்கு இருபத்து நாலு, தங்கைக்கு இருபது என்று வயதானதே தவிர, ஆட்டம் முடிந்தபாடில்லை. காரணம் கர்த்தர். அந்த வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு கட்டத்தை முழுதாக முடித்தால்தான் ஆட்டம் தானாகச் சேமிக்கும். இன்னும் இரண்டு நிமிடம் என்று கெஞ்சினால், "ஆண்டவரு வாசல்ல நிக்கட்டும், ஒங்க தொப்பிக்காரன் உள்ள போயிட்டு வரட்டும், என்னலே?" என்பாள் அம்மா தேவமணி. முப்பது வருடம் நடுநிலைப்பள்ளியில் டீச்சராக இருந்தவள், மேல்முறையீடு கிடையாது. அதனால் எமுலேட்டரில் இருந்த குறுக்குவழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் ஆட்டம் அந்த நொடியிலேயே உறைந்து, ஸ்லாட் என்கிற ஓர் அறையில் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு ஸ்டேட் என்று பெயர். பத்து ஸ்லாட் உண்டு. ஜெபத்துக்கு ஒரு ஸ்டேட். முறையாகச் சேமித்தது ஒன்றுகூட இல்லை.

ஏழாம் ஸ்லாட்: மார்ச் 11, மாலை 6:58. நீலம் கடைசிக் கதவடியில் நின்றது. சிவப்பு இரண்டு செங்கல் பின்னால். "நாளைக்கு தொறந்துருவோம்ண்ணே" என்று விளையாட்டு ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு பிளஸ்ஸி முக்காட்டுத் துணியைத் தேடி ஓடினாள். மறுநாள் காலை வாசுதேவநல்லூரில் ஒரு தோழி வீட்டு விசேஷம். கொண்டுவிடச் சொல்லி இரண்டு முறை எழுப்பினாள். அவன் போர்வையை இழுத்துக்கொண்டான். அவளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வழியில் ஒரு டிராக்டர்.

அதற்குப் பிறகு தினமும் ஆறரைக்கு ஏழாம் ஸ்லாட்டைத் திறப்பான். ரிமோட்டை மடியில் வைத்துக்கொள்வான். எதையும் அழுத்த மாட்டான். ஏழுக்கு அம்மா கூப்பிட்டதும், சேமிக்காமல் மூடுவான். இரண்டு செங்கல் நகர்த்திக் கதவைத் திறப்பது பெரிய வேலையே இல்லை. திறந்தால் முடிந்துவிடும், அவ்வளவுதான்.

ஆகவே சிவப்பு நகர்ந்திருக்க வாய்ப்பில்லை. அதன் ரிமோட் பீரோவுக்குள் வயர் சுற்றப்பட்டுக் கிடக்கிறது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு இன்னொரு அடி வைத்தது. நிறுத்தி, யோசித்து வைப்பது போல ஓர் அடி.

"ஏட்டி?" என்றான் ஜெபசுந்தர்.

"ஏ சுந்தரு, மணி ஏழாவப் போவுது, வாலே!" என்றாள் கூடத்திலிருந்து அம்மா.

ஜெபத்தில் அவன் கண்ணை மூடவில்லை. டீப்பாயில் வேதப்புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்த செல்போனுக்குள் அப்பா வேதமுத்து, மஸ்கட்டில் கம்பெனி வேன் ஒன்றில் அமர்ந்தபடி, தேசங்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தார். அம்மா முட்டுவலியால் முழங்காலிட முடியாமல் நாற்காலியில் இருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் மகனைத் திட்டவில்லை. அவனைத் தொடவும் இல்லை. சோற்றுத் தட்டைக்கூடக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

மறுநாள் எமுலேட்டரைத் திறந்ததும் வழக்கமான பெட்டி முளைத்தது. புதிய பதிப்பு தயார். இப்போதே புதுப்பிக்கவா, பிறகா? அதுவரை நூறு முறையாவது 'பிறகு' என்று தள்ளியிருப்பான். அன்றைக்குத்தான் கீழே ஆங்கிலத்தில் இருந்த பட்டியலைப் படித்தான். நாலாவது வரி: இரண்டாவது ரிமோட் இணைக்கப்படாதபோதும் இரண்டாம் ஆட்டக்காரர் தானாக அசையும் பிழை சரிசெய்யப்பட்டது. கடைசி வரி: பழைய பதிப்பில் சேமித்த ஸ்டேட்டுகள் இதில் திறக்காது.

உலகத்தில் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், பிளஸ்ஸியைப் பிழைப் பட்டியலில் நாலாவதாகச் சேர்த்து, அவளுக்குத் தீர்வும் கண்டிருந்தான்.

சிவப்பு மூன்று செங்கல் நகர்ந்திருந்தது. நேற்று அவன் எதையும் சேமிக்கவில்லை.

சங்கரபாண்டியின் செல்போன் சர்வீஸ் கடை கோயிலுக்குப் போகிற தெருவில் பூக்கடைக்கும் பேன்சி கடைக்கும் நடுவில் செருகியிருந்தது. அவன் யாருடைய போனையோ பிளந்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஏலே, இதுல யோசிக்க என்ன இருக்கு? பக்கு, சாஃப்ட்வேர்ல உள்ள பிழை. செஞ்சவனே ஒத்துக்கிட்டான். அப்டேட்டப் போடு, நின்னுரும்."

"ஸ்டேட்டு போயிரும்லா."

"பழச அப்படியே பெண்டிரைவுல காப்பி எடுத்துக்கோ. அது ஒரு பக்கம் கெடக்கட்டும், புதுசு ஒரு பக்கம் ஓடட்டும். ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி ஜம்முன்னு இரி."

ஜெபசுந்தர் சிரிக்கவில்லை. சங்கரபாண்டி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"மக்கா, நீ தூங்குதியா இல்லியா?"

"நகருதாலே."

"யாரு?"

ஜெபசுந்தர் மேசையில் கிடந்த ஸ்க்ரூ ஒன்றை உருட்டினான். சங்கரபாண்டி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் கேட்டான்.

"சரி, எந்தப் பக்கமா நகருதா? கதவுப் பக்கமா?"

"இல்ல. குழிப் பக்கம்."

அந்தத் திரையின் இடது ஓரத்தில் ஒரு குழி உண்டு. அடியில் முள். விழுந்தால் ஓர் உயிர் போகும். சிவப்புக்கு மிச்சமிருந்தது ஓர் உயிர்தான். பிளஸ்ஸி எப்போதும் அவசரக்காரி.

காப்பி எடுத்தான். கடைக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். சிவப்பு அசையவில்லை. மார்ச் 11-இல் நின்ற அதே இடத்தில், கதவுக்கு இரண்டு செங்கல் பின்னால், ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி நின்றது. "பாத்தியா, சரியாப் போச்சு" என்றான் சங்கரபாண்டி. இது படம். வீட்டில் இருப்பது படம் இல்லை. அவளைக் காப்பி எடுக்க முடியாது.

புதன் ஒரு செங்கல். வியாழன் ஒன்று. அவன் விசைப்பலகையில் இரண்டாம் ஆட்டக்காரருக்கு நாலு விசைகளை ஒதுக்கி, வலது விசையை விரல் நோக அழுத்திப் பார்த்தான். சிவப்பு கேட்கவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழியைப் பார்த்தே நின்றது. அவள் உயிரோடு இருந்தபோதும் சொன்னதைக் கேட்டதில்லை என்பதை அவன் ஆதாரமாக எடுத்துக்கொண்டான். ஆறாம் ஸ்லாட்டைத் திறந்து பார்த்தான். மார்ச் 11-க்கு முந்தைய நாள் ஆட்டம், அதில் இருவரும் ஒரு பாலத்தின்மேல் நிற்க வேண்டும். நீலம் மட்டும் நின்றது. ஐந்தாம் ஸ்லாட்டில் நீலம் மட்டும். நாலில், மூன்றில், எல்லாவற்றிலும் நீலம் மட்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு. மற்ற அறைகளை எல்லாம் காலி செய்துகொண்டு சிவப்பு ஏழுக்கு வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு அவன் சாப்பிடவில்லை. அம்மா தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். புதுப்பித்தால் அவள் போய்விடுவாள். புதுப்பிக்காவிட்டால் நாளைக்கு விழுவாள். இரண்டு முறை எழுப்பியும் எழுந்திருக்காதவன், இந்த முறை விடிய விடியக் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பதால் யாரும் பிழைப்பதில்லை என்பதும் தெரிந்தே கிடந்தான்.

சனிக்கிழமை மழை மதியத்திலிருந்தே பெய்து, ஆறு மணிக்குத் தெரு விளக்குகள் ஈசல் மொய்த்து மங்கி, அறைக்குள் லேப்டாப் வெளிச்சம் மட்டும் சுவரில் ஒரு நீலச் சதுரமாக விழுந்துகொண்டிருந்தபோது, அவன் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஏழாம் ஸ்லாட்டைத் திறந்தான். சிவப்பு குழியின் விளிம்பில் நின்றது. ஒரு பாதம் ஏற்கெனவே காற்றில்.

"ஏட்டி பிளஸ்ஸி" என்றான் திரைக்கு மிக அருகில் போய். தன் மூச்சு திரையில் படிந்து மறைவதைப் பார்த்தான். "நீதானா? நீதான்னா ஒரு குதி குதி."

குதித்தது.

அவன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான். அடுக்களையில் அம்மா பாத்திரம் விளக்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கும்வரை காத்திருந்து, மறுபடி அழுதான்.

"வலிச்சுதாட்டி?"

குதித்தது.

"எம்மேல கோவமா?"

குதித்தது.

"இல்ல, கோவம் இல்லைல்லா?"

குதித்தது.

அழுகை மெல்ல நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நீ ஜெபசுந்தரா?"

குதித்தது.

"நீ கரிவலம்வந்தநல்லூர் போற மினி பஸ்ஸா?"

குதித்தது. உற்சாகமாகவே குதித்தது.

பக்கு. நாலாவது வரி. அவன் நாற்காலியில் சாய்ந்தான். நெஞ்சில் எட்டு மாதமாக இருந்ததும் இல்லாமல், ஆறு நாளாக இருந்ததும் இல்லாமல், வெறும் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. தங்கையை இழந்தவன் ஒரு மினி பஸ்ஸோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

அப்போது தறிகள் நின்றன.

சனிக்கிழமை கூலி நாள், சீக்கிரம் நிறுத்துவார்கள். அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் டம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்ற அந்த அமைதியில், வாளியில் சொட்டும் நீர் திடீரென்று அறைக்குள்ளேயே சொட்டுவது போல் கேட்டது. கஞ்சி வாசம் காதுக்குள்ளும் நுழைவது போலிருந்தது. விளையாட்டாகத்தான் கேட்டான். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"அப்பம் நீ யாரு?"

குதிக்கவில்லை.

காற்றில் இருந்த பாதத்தை அது பின்னால் எடுத்து வைத்தது. பிறகு திரும்பியது. கதவுப் பக்கம் அல்ல. குழிப் பக்கமும் அல்ல.

அந்த ஆட்டத்தை வரைந்தவர்கள் தொப்பிக்காரர்களைப் பக்கவாட்டில் மட்டும்தான் வரைந்திருந்தார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. முன்பக்கம் என்று ஒன்று அந்தக் கேசட்டிலேயே கிடையாது.

சிவப்பு அவனைப் பார்த்து நின்றது.

தொப்பிக்குக் கீழே தோல் நிறத்தில் சதுரக் கட்டங்கள். கண் இல்லை. வாய் இல்லை. கட்டங்கள் அசைந்தன. ஒன்று மேலே போனது. இரண்டு விலகின. எதையோ செய்து பார்த்தன. பிளஸ்ஸியின் நெற்றி. அந்த நெற்றியின் கீழ் ஒரு மூக்கு. தப்பான மூக்கு. அது கலைத்தது. கொஞ்சம் காத்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்து, சரியா என்று தெரிந்துகொள்வது போலக் காத்திருந்தது. மறுபடி செய்தது.

இரண்டாம் முறை இன்னும் நன்றாக இருந்தது.

அவன் கை தானாகப் போய் அந்தப் பெட்டியைத் தேடியது. இப்போதே. இப்போதே புதுப்பி. அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பச்சைக் கோடு கிளம்பியது. பத்து. பதினேழு. அதற்குப் பின்னால் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நெற்றி. முப்பது. வாய் வந்துவிட்டது. வாய் திறந்தது. நாற்பத்தொன்று. அவளுடைய கோணல் பல். அது அடி எடுத்து வைத்தது. இடமும் இல்லை, வலமும் இல்லை. பெரிதானது. ஐம்பது. இன்னும் பெரிதானது. திரை நிறைய தோல் நிறம்.

கறுப்பு.

மின்விசிறிச் சத்தம். லேப்டாப் மறுபடி உயிர்பெற்றது. புதிய பதிப்பு, புதிய சின்னம், நன்றி என்றொரு வரி. ஏழாம் ஸ்லாட்டை அழுத்தினான். இந்த ஸ்டேட்டைத் திறக்க முடியாது. ஆறு. திறக்க முடியாது. ஒன்றிலிருந்து பத்துவரை ஒவ்வொன்றையும் அழுத்தினான். எதுவும் அசையவில்லை. இனி அசையவும் போவதில்லை.

போயிற்று என்று நினைத்தான். அது எதுவாக இருந்தாலும். அவளாக இருந்திருந்தாலும். அண்ணனுக்குத் தன் முகத்தைக் காட்டத்தான் அத்தனை பாடுபட்டாளோ என்று தோன்றியபோது, முழங்கையைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். இரண்டாவது முறையும் போர்வையை இழுத்துக்கொண்டாயிற்று.

எவ்வளவு நேரம் இருந்தான் என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபோது ஏழு ஒன்பது.

அம்மா கூப்பிடவில்லை.

முப்பது வருடத்தில் பள்ளி மணி பிந்தியிருக்கலாம். இந்த வீட்டில் ஜெபம் பிந்தியதில்லை. காதைத் தீட்டினான். கூடத்தில் அப்பாவின் குரல், போனுக்குள்ளிருந்து, விதவைகளுக்காகவும் திக்கற்றவர்களுக்காகவும். அதற்கு அடியில் நடக்கிற சத்தம். வெறுங்கால் டைல்ஸில் படும் சத்தம். அம்மா அங்கும் இங்கும் உலாத்துகிறாள் என்று எண்ணினான்.

தப். தப். தப். தப்.

அம்மா நொண்டுவாள். இது நொண்டவில்லை.

சத்தம் நெருங்கவில்லை. விலகவும் இல்லை. ஒரே இடத்திலிருந்து வந்தது.

தாழைத் திறந்தான்.

கூடத்தில் டியூப்லைட் எரிந்தது. டீப்பாயில் போன். அதில் கண்ணை மூடிய அப்பா. நாற்காலி காலி. எதிர்ச் சுவரில் வசனக் காலண்டருக்குக் கீழே அம்மா நின்றாள்.

நிற்கவில்லை. நடந்தாள். முகம் சுவரோடு அழுந்தியிருக்க, கைகள் இருபுறமும் அசைய, முட்டி வலிக்கும் அந்தக் கால்கள் ஒரே உயரத்துக்கு எழுந்து, ஒரே இடத்தில் இறங்கி, நடந்துகொண்டே இருந்தன. கண்ணாடி ஒரு பக்கம் வளைந்து தொங்கியது. சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் நெற்றி உயரத்தில் ஒரு சிவப்புக் கறை தேய்ந்து அகலமாகிக்கொண்டிருந்தது.

"அம்மா."

நடந்தாள்.

தோளைப் பிடித்து இழுத்தான். தள்ளிக்கொண்டு ஓடும் பஸ்ஸைக் கையால் நிறுத்துவது போலிருந்தது. மறுபடி இழுத்தான். டப்பென்று நெற்றி சுவரில் போய் மோதியது. இன்னொரு முறை மோதக் கூடாது. அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பக்கவாட்டில் நுழைந்து, சுவருக்கும் அவளுக்கும் நடுவில் தன் உடம்பைச் செருகி, இரு கைகளாலும் அவளை அணைத்துப் பிடித்தான்.

இப்போது அவள் அவன்மேல் நடந்தாள். பாதங்கள் அவன் பாதங்களின்மேல் ஏறி இறங்கின. காலண்டர் ஆணி அவன் முதுகில் குத்தியது.

"ஆமென்" என்றார் அப்பா. கண்ணைத் திறந்தார். பிறகு வேனுக்குள் அவர் விசும்பும் சத்தம் கேட்டது. "ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஏ தேவமணி, பிள்ளையக் கட்டிப் புடிச்சிட்டியா? எத்தன நாளு, எத்தன நாளு இதுக்காவ அழுதேன்..."

"அப்பா" என்றான்.

"பேசாதலே. ஒண்ணும் பேசாத. அம்மாவ அப்படியே புடிச்சிக்கோ, விட்டுராத."

பிடித்துக்கொண்டான். இடது. வலது. இடது. அம்மாவின் முகம் அவன் நெஞ்சில் அழுந்திப் புதைந்திருந்தது. அவள் நெற்றி ரத்தத்தில் ஈரமான சட்டை வழியாக அதன் சூட்டை அவன் உணர்ந்தான். பிறகு, அந்தச் சூட்டுக்குள், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று மெல்ல மேலே போவதையும், இரண்டு விலகுவதையும், கொஞ்சம் காத்திருப்பதையும்.